வலி கூடிய நாளில் எது கைகொடுக்கும்: முடக்குவாதத்தோடு வாழ்பவரின் மனச்சுமைக்கு நம் மாவட்டத்தில் உள்ள வழிகள்

பாலக்கோடு வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். முடக்குவாதம் என்று உறுதியாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதைச் சரவாங்கி என்பார்கள். மருத்துவச் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று இருக்கும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கி வீங்கச் செய்யும் நோய் இது. மாத்திரைகளைப் பற்றியும் ரத்தப் பரிசோதனைகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் நோயோடு சேர்ந்து வந்த கோபத்தையும் அழுகையையும், வகுப்பில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்துவிட்டு இரவெல்லாம் அதையே நினைத்துத் தூங்காமல் கிடப்பதையும் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சென்ற ஆண்டு அது அளவு மீறியபோதுதான், நமக்கு எட்டக்கூடிய வழிகள் எவை, அவற்றில் எதை முதலில் எடுப்பது என்று வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

ஒப்பீட்டுக்கு அப்பாற்பட்ட ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும், எந்த வழி நல்லது என்று ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைக்க வேண்டும். அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் அந்த எல்லைக்கு இப்பால் இருப்பவர்களுக்கானவை.

எந்த நாளை வைத்து அளப்பது

வலி குறைந்த நாளில் எல்லா வழிகளும் நன்றாகவே தெரிகின்றன. அரை மணி நேரம் நடக்கலாம், பேருந்து ஏறித் தருமபுரிக்குப் போகலாம், தோழியின் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வரலாம். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அப்படிப்பட்ட நாள்களும் உண்டு, வேறு வகையான நாள்களும் உண்டு. வலி கூடிய நாளில் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. அந்த விறைப்பு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நீடிக்கும். புடவை முந்தானையைச் செருக முடியாது, பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது, தண்ணீர்க் குடத்தை நகர்த்த முடியாது. மனம் உடைவதும் பெரும்பாலும் அந்த நாளில்தான். ஆகவே வலி கூடிய நாளில் எது என் கைக்கு எட்டுகிறது என்பதையே முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். செலவு, பலன் தெரிய ஆகும் காலம், ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம், உண்மையான மனச்சோர்வு நோய் இருந்தால் அதை அடையாளம் காணும் திறன் ஆகியவை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தன.

இந்த நோய் எதைப் பறிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மனச்சுமை விளங்காது. எங்கள் வீட்டில் இரவு உணவு கேழ்வரகுக் களி. கொதிக்கும் உலையில் மாவைக் கொட்டி, களிக்கோலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து, கட்டி விழாமல் கிண்டி எடுக்க மணிக்கட்டில் நல்ல வலு வேண்டும். திருமணமாகி வந்த நாள் முதல் அந்த வேலையை நான்தான் செய்துவந்தேன். ஒருநாள் கோல் கையிலிருந்து நழுவியது. மறுநாளிலிருந்து, எழுபது வயதைத் தாண்டிய என் அத்தை, அதாவது என் மாமியார், ஒன்றும் பேசாமல் கோலை வாங்கிக் கிண்டத் தொடங்கினார். அவர் ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. இப்படி ஒவ்வொரு வேலையாகக் கைவிட்டுப் போகும்போது வரும் துக்கத்துக்கு மூட்டுவலி மாத்திரையில் மருந்து கிடையாது.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் பல்லில் கறையும், நாள்பட எலும்பிலும் மூட்டிலும் இறுக்கமும் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்ததே அதற்காகத்தான். ஆகவே இங்கே யார் மூட்டுவலி என்று சொன்னாலும், "தண்ணியாலதான், எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்ற பதில்தான் முதலில் வரும். எனக்கு நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அந்தப் பதிலிலேயே போயிற்று. எல்லாருக்கும் இருப்பதை நான் மட்டும் பெரிதாக்குகிறேன் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள் என்ற எண்ணம் அப்போது ஆழமாகப் பதிந்துவிட்டது. பிற்காலத்தில் மனச்சுமையை யாரிடமும் சொல்லத் தயங்கியதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் மருந்தையும் நோயையும் பார்த்துவிட வேண்டும்

வழிகளுக்குள் போவதற்கு முன், மனநிலை மாற்றத்துக்கு மருந்தோ நோயின் வேகமோ காரணமா என்று மூட்டுநோய் மருத்துவரிடமே கேட்டுவிடுவது நல்லது. எனக்கு ஒருமுறை வீக்கம் அதிகமானபோது சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வலி குறைந்தது, ஆனால் தூக்கம் போயிற்று; காரணமில்லாத படபடப்பும் எரிச்சலும் வந்தன. ஸ்டீராய்டு மாத்திரைகள் தூக்கத்தையும் மனநிலையையும் மாற்றக்கூடியவை என்பதும், அளவு கூடும்போது அந்த வாய்ப்பும் கூடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. மருத்துவரிடம் சொன்னதும், மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் எடுக்கச் சொல்லி, அளவையும் அவரே படிப்படியாகக் குறைத்தார். இதை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நாள்பட எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உடல் நிலைகுலைந்துவிடும். பெயர் ஒட்டாத பொட்டலங்களில் விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகளைப் பற்றியும் இங்கேயே எச்சரித்துவிடுகிறேன். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்பதால், சாப்பிட்ட சில நாள்களில் உடம்பும் மனமும் பறப்பதுபோல் இருந்து, நிறுத்தியதும் இரண்டும் சேர்ந்து சரியும்.

நோய் தீவிரமாக இருக்கும்போது ரத்தத்தில் சுற்றும் அழற்சிப் பொருள்கள் மூளையையும் எட்டிச் சோர்வைக் கூட்டும். ஆகவே அழுகைக்கெல்லாம் காரணம் மனவலிமைக் குறைவு என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. நோயைக் கட்டுக்குள் கொண்டுவரும் மருந்தை முறையாக எடுப்பதே மனத்துக்குச் செய்யும் முதல் உதவி. அதிலும் ஒரு கவனம் தேவை: முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டிய மாத்திரை. மனம் குழம்பியிருக்கும் நாள்களில் தவறி அதைத் தினமும் எடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் புதன்கிழமை என்று நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவைத்து, அதை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை என் மகளிடம் விட்டிருக்கிறோம்.

வீட்டாரிடம் சொல்வதும் வெளியாள் ஒருவரிடம் சொல்வதும்

வலி கூடிய நாளில் எட்டும் வழி என்றால் வீட்டார்தான் முதலில் நிற்க வேண்டும். அவர்கள் அடுத்த அறையில்தான் இருக்கிறார்கள். செலவும் இல்லை. ஆனால் இதை நான் முதல் இடத்தில் வைக்கவில்லை. என் கணவரிடம் அழுதால் அவர் உடனே தீர்வு தேடத் தொடங்கிவிடுவார். சேலத்தில் யாரோ ஒரு வைத்தியர் இருக்கிறார், கேரளாவில் எண்ணெய்ச் சிகிச்சை இருக்கிறது என்று பத்து பேரிடம் விசாரிப்பார். அன்பினால் செய்வதுதான். எனக்கு அந்த நேரத்தில் வேண்டியது, சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒருவர். அத்தையிடம் சொன்னால் தன்னால்தான் எனக்கு வேலைப்பளு என்று அவர் வருந்துவார். நோயாளியின் மனச்சுமையில் பாதி, வீட்டாருக்குச் சுமையாகிவிட்டோம் என்ற குற்ற உணர்வு; அதே வீட்டாரிடம் அதை இறக்கும்போது குற்ற உணர்வு இன்னும் கூடுகிறது.

இந்த வழி பயன்பட வேண்டுமானால் ஒரு சிறு ஏற்பாடு வேண்டும். பேசத் தொடங்குமுன், "இதுக்கு வழி சொல்ல வேண்டாம், பத்து நிமிசம் கேட்டா போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் சில முறை என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்பது தன் கடமையைத் தட்டிக்கழிப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. இப்போது பழகிவிட்டார்.

வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவர் இருந்தால் அது இன்னும் நல்லது. என் நாத்தனார் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறார். அவருக்குத் தைராய்டு குறைபாடு உண்டு. நீண்டநாள் மாத்திரை எடுப்பதன் அலுப்பு அவருக்கும் தெரியும் என்பதால், "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க அண்ணி" என்று மற்றவர்கள் சொல்வதை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுகிறோம். இதன் குறை, அவரும் என்னைப்போல் ஒரு மனிதர் என்பதுதான். அவர் வீட்டில் விசேஷம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் அவரை அழைக்க எனக்கு மனம் வராது. அத்துடன், என்னுடைய சோர்வு வெறும் துக்கமா, சிகிச்சை வேண்டிய மனச்சோர்வா என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியாது.

இங்கே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும், இயன்முறைச் சிகிச்சையும், வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சையும் அதில் அடங்கும். அத்தைக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்தான், என் முகத்தைப் பார்த்து, "டீச்சர், நீங்க தூங்கறீங்களா?" என்று முதலில் கேட்டவர். அவர் மனநல ஆலோசகர் அல்லர். ஆனால் நடமாட முடியாத நோயாளி உள்ள வீட்டுக்கு மாதந்தோறும் வருபவர் அவர் ஒருவரே என்றால், அவரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் அனுப்பச் செய்யலாம்.

தொலைபேசியா, நேரிலா

14416 என்பது டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை. 2022 அக்டோபர் 10-இல், உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார்கள். என் அளவுகோலின்படி இதற்கு இணையான வழி வேறில்லை. விரல் மடங்காத நாளிலும், கைப்பேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, கட்டிலில் படுத்தபடியே பேச முடிகிறது. ஊரில் யாருக்கும் தெரியாது. ஓர் ஆசிரியைக்கு அது சிறிய விஷயமன்று. பெற்றோர் காதுக்குப் போனால் என்ன பேசுவார்கள் என்ற அச்சம் எனக்கு உண்மையாகவே இருந்தது. அந்த அச்சம் சரியானதா என்பது வேறு கேள்வி. அது இருக்கும்வரை, அதைத் தாண்டிப் போக வேண்டிய வழியைவிட அது தடுக்காத வழியே முதலில் பயன்படும்.

இதன் வரம்பும் தெளிவாகத் தெரிந்தது. அடுத்தமுறை அழைக்கும்போது அதே ஆலோசகர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கலாம். அவர்கள் என் கை வீக்கத்தைப் பார்க்க முடியாது, என் மருந்துச் சீட்டைப் புரட்ட முடியாது. நள்ளிரவின் பதற்றத்தைத் தணிப்பதற்கும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று கேட்பதற்கும் இது மிகச் சிறந்தது. மாதக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சைக்கு இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நேரில் போவது என்றால் எங்களுக்கு அருகில் இருப்பது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு 2022-இல் தொடங்கப்பட்ட அவர்கள் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே, மருந்தும் அங்கேயே கிடைத்துவிடும். மனநல மருத்துவர் நேரில் பார்த்துச் சோதிக்கிறார் என்பதே இதன் பெரிய பலம். முடக்குவாதத்தில் களைப்பு, தூக்கக் குறைவு, பசியின்மை எல்லாம் நோயாலேயே வரக்கூடியவை. மனச்சோர்வின் அடையாளங்களும் அவையே. இரண்டையும் பிரித்தறிய, "முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லையா, உங்களை நீங்களே பயனற்றவராக நினைக்கிறீர்களா, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா" என்று பொறுமையாகக் கேட்க ஒரு மருத்துவர் வேண்டும்.

ஆனால் என் அளவுகோலில் இந்த வழி தடுமாறுகிறது. புறநோயாளிகள் சீட்டு வாங்குவது காலையில். முடக்குவாதக்காரருக்கு உடல் இயங்காத நேரமும் காலைதான். படி உயரமான தனியார் பேருந்தில், கம்பியைப் பிடிக்க முடியாத கையோடு ஏறி, தருமபுரியில் இறங்கி, வரிசையில் நிற்பது வலி கூடிய நாளில் நடக்காத காரியம். நான் இரண்டு முறை புறப்பட்டு, இரண்டு முறையும் பேருந்து நிறுத்தத்திலிருந்தே திரும்பியிருக்கிறேன். தவறவிட்டதை நினைத்து அழுதது தனிக் கதை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம்: மூட்டு நோய்க்கான மாதாந்தரப் பரிசோதனைக்கு எப்படியும் கணவரோடு வண்டியில் போகிறேன், மனநலப் பிரிவையும் அதே நாளில் வைத்துக்கொண்டோம். ஒரே நாள், ஒரே விடுப்பு, ஒரே அலைச்சல். மூட்டு மருத்துவர் எழுதிய சீட்டைக் கையோடு மனநல மருத்துவரிடம் காட்டவும் முடிகிறது.

தனியார் ஆற்றுப்படுத்துநர்களையும் விசாரித்தோம். ஓசூரிலும் பெங்களூரிலும் நல்லவர்கள் இருப்பதாகச் சொன்னார்கள். வலியோடு வாழ்பவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சை உதவுகிறது. வலியைப் பெரிதாகக் குறைக்காவிட்டாலும், வலியால் வரும் முடக்கத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைக்கும். ஆனால் அது வாரம் ஒருமுறை என்று பல வாரங்கள் தொடர வேண்டியது. நாங்கள் கேட்ட இரண்டு இடங்களிலும் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை. தருமபுரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஓசூரில் குடியிருப்பவர்களுக்கு இந்த வழி எளிது. பெங்களூரின் ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் இருப்பவர்களுக்கு இதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன். காணொளி அழைப்பில் அமர்வு நடத்துபவர்களும் உண்டு. கட்டணம் கட்ட இயலுமானால், பயணத்தைவிட அது பலமடங்கு மேல்.

எழுதுவதும் மூச்சுப் பயிற்சியும்

தனியாகச் செய்யக்கூடியவற்றில், எழுதுவதைப் பற்றி நான் மிகவும் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமாவோ முடக்குவாதமோ உள்ள 112 பேர் பங்கெடுத்தார்கள். ஒரு பிரிவினர் தங்கள் வாழ்வில் மிகவும் வருத்திய நிகழ்வைப் பற்றி, தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் எழுதினார்கள். மற்றவர்கள் அன்றைய வேலைத்திட்டம்போல் உணர்ச்சியற்ற ஒன்றை எழுதினார்கள். நான்கு மாதங்களுக்குப் பிறகு பார்த்தபோது, மனத்தில் இருந்ததை எழுதிய முடக்குவாத நோயாளிகளின் நோய்நிலை மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதால், இதை மருந்துக்கு மாற்றாக எண்ணக் கூடாது. ஆனால் செலவற்றது, யாருக்கும் தெரியாதது, இரவு ஒன்பது மணிக்கும் செய்யலாம்.

வலி கூடிய நாளில் பேனா பிடிக்க முடியாதே என்பதுதான் எனக்கு வந்த முதல் தடை. கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யத் தொடங்கினேன். முடக்குவாத நோயாளிகளிடம் தனிமையில் பேசிப் பதிவு செய்யும் முறையையும் ஆய்ந்திருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். மொட்டைமாடியில் உட்கார்ந்து, களிக்கோல் நழுவிய நாளைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினேன். முதல் நாள் மனம் இன்னும் கனத்தது. மூன்றாம் நாள்தான் சற்று இலேசாயிற்று. முதல் நாள் கனப்பது இயல்பு என்று தெரிந்திருந்தால் நல்லது. இல்லையென்றால் அன்றோடு விட்டுவிடுவோம். மனச்சோர்வு ஏற்கெனவே ஆழமாக இருப்பவர்கள் தனியாக இதைத் தொடங்காமல், மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பானது.

மூச்சுப் பயிற்சி வேறு வேலைக்கு உதவுகிறது. மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது; படபடப்பு ஏறும்போது ஐந்து நிமிடம் செய்தால் அந்த நேரத்து வேகம் குறைகிறது. வகுப்பறைக்குள் நுழைவதற்கு முன் நான் இதைச் செய்கிறேன். மாதக்கணக்கான துக்கத்துக்கு இது போதாது. நடைப்பயிற்சியும் நல்லதுதான், ஆனால் நல்ல நாளில் மொத்த வீட்டையும் துடைத்து, மூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பது எங்களைப் போன்றவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. நல்ல நாளிலும் பாதியில் நிறுத்திக்கொள்ளப் பழகியபின், கெட்ட நாள்களும் அவற்றோடு வரும் அழுகையும் எனக்குக் குறைந்திருக்கின்றன.

கோயிலுக்குப் போவதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அட்டமியன்று விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எனக்குக் கிடைக்கும் அமைதி உண்மையானது; அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். தீர்த்தமலைப் படிகளில் ஏறுவேன் என்று வேண்டிக்கொள்வதையும், உபவாசமிருந்து வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுவதையும் மட்டும் தவிர்க்கச் சொல்வேன். வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியது.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பது

இதில்தான் எங்கள் வீட்டில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. ஏற்கெனவே இத்தனை மாத்திரை, அதற்கு மேல் இன்னொன்றா என்பது என் கணவரின் கவலை. அந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனோ என்பது என் பயம். மனநல மருத்துவர் விளக்கியதை வைத்துச் சொல்கிறேன். மனச்சோர்வுக்கு இப்போது பெரும்பாலும் தரப்படும் மாத்திரைகள், தூக்க மாத்திரைகளைப்போல் ஏங்க வைக்கும் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் அவற்றையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ படபடப்போ வந்து, பலன் வருவதற்கு முன்பே பலர் விட்டுவிடுகிறார்கள்.

எங்களைப் போன்ற மூட்டுவலிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மனச்சோர்வுக்குத் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளையும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளையும் சேர்த்து எடுத்தால், இரைப்பையில் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. டிரமடால் என்ற வலி மருந்தோடு சேர்ந்தால் வேறு வகையான ஆபத்தும் உண்டு. மருந்துக்கடையில் நாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரை உட்பட, எடுக்கும் எல்லாவற்றையும் மனநல மருத்துவரிடம் காட்டுவது இதற்காகத்தான். டுலாக்செட்டின் போன்ற சில மருந்துகள் மனச்சோர்வுக்கும் நாள்பட்ட வலிக்கும் சேர்த்தே தரப்படுகின்றன. அது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

என்னுடையது மிதமான நிலை என்றும், முதலில் பேச்சும் பழக்கங்களும் போதும், இரண்டு மாதத்தில் குறையாவிட்டால் மாத்திரை தொடங்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். எனக்குக் குறைந்தது. இன்னொருவருக்கு முதல் நாளிலேயே மாத்திரை தேவைப்படலாம். அவருக்கு நான் செய்ததைச் செய்யச் சொல்வது தவறான அறிவுரையாகும்.

நாங்கள் எடுத்த முடிவு

எதையும் தனியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் வரிசை வைத்தோம். வலி கூடிய நாளுக்குக் கைப்பேசிப் பதிவும் 14416-உம். மாதம் ஒருமுறை, மூட்டுப் பரிசோதனை நாளிலேயே மனநலப் பிரிவு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாத்தனாரோடு பேச்சு. வீட்டாரிடம் பத்து நிமிட ஏற்பாடு. இதில் எனக்கு மிகவும் உதவியது மனநலப் பிரிவுதான் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே போகும் துணிவை, ஓர் இரவு 14416-இல் பேசிய பெயர் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்தே பெற்றேன். "உங்களுக்கு வலிக்குதுன்னு நீங்க சொன்னா போதும்மா, அதுக்கு வேற சாட்சி வேண்டாம்" என்றார் அவர். தண்ணீரால் வந்தது, எல்லாருக்கும் இருப்பது என்று கேட்டுக் கேட்டு மரத்துப்போயிருந்த எனக்கு, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த எண்ணைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கத் தோன்றியது, எழுதியும் வைத்தேன்.

பேச்சுவழிச் சிகிச்சைக்காகப் பெங்களூரு போவதை மட்டும் தள்ளிவைத்திருக்கிறோம். மே விடுமுறையில் ஒருமுறை போய்ப் பார்த்து, தொடர் அமர்வுகளைக் காணொளியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம் என்பது என் எண்ணம். பாலக்கோட்டிலிருந்து ரயிலிலேயே போகலாம், படியேற நான் கைகொடுக்கிறேன் என்கிறாள் மகள். அந்த மாதம் வீக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.